வேண்டாம் என்று சொல்லும் உரிமை

அன்புள்ள நண்பா,

பேத்தி பிறந்த செய்தி படித்து வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். பெயர் வைத்ததும் எழுது. நாங்கள் நலம். குளிர் வந்தால் மட்டும் எனக்கு மூட்டுவலி படுத்துகிறது.

நிலம் யாருடையது என்றே முடிவாகாதபோது அரசும் பழங்குடிகளும் சேர்ந்து ஒரு காட்டைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டிருந்தாய். முடியும். கனடாவின் மேற்குக் கரைக்கு அப்பால் இருக்கும் ஹைடா மக்களின் தீவுகளில், க்வாய் ஹானாஸ் என்ற தேசியப் பூங்காவில் அப்படித்தான் நடக்கிறது.

அது சும்மா கிடைக்கவில்லை. 1985-இல் அந்தத் தீவுகளில் ஒன்றான லயல் தீவில் மரம் வெட்ட வந்தவர்களை ஹைடாக்கள் சாலையில் மறித்தார்கள். முதலில் கைதானவர்கள் வயதான பெரியவர்கள். மொத்தம் 72 பேர். அப்புறம் 1993-இல் கனடா அரசோடு ஒப்பந்தம். அதில் நிலம் யாருக்கு உரிமை என்ற சர்ச்சையை மூடி மறைக்கவே இல்லை. பரம்பரையாக எங்கள் நிலம் என்று ஹைடாக்கள் சொல்வதும், அரசுக்குரியது என்று கனடா சொல்வதும் பக்கத்தில் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனாலும் இடத்தைக் காக்க வேண்டும் என்பதில் ஒன்றுபட்டார்கள். எவ்வளவு நேர்மையான ஏற்பாடு, பார்!

நிர்வாகக் குழுவில் இரு தரப்புக்கும் சம இடம். பேசி ஒத்துவந்தால்தான் முடிவு. என்னைப் பொறுத்தவரை விஷயமே இதுதான். கூட்டம் போட்டுக் கருத்துக் கேட்டுவிட்டு, அதிகாரி தனியாக முடிவெடுத்தால் அது கூட்டு நிர்வாகமே இல்லை. பழங்குடிகள் வேண்டாம் என்றால் வேலை நிற்க வேண்டும்.

அதே பூங்காவில் இருக்கும் ஸ்காங் க்வாய் தீவின் பழைய ஹைடா கிராமம் 1981-இலேயே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே முன்னோர் செதுக்கி நட்ட செடார் மரத் தூண்கள் மழையில் நனைந்து, பாசி படிந்து, சாய்ந்து நிற்கின்றன. அவை மண்ணோடு மண்ணாகட்டும் என்பது ஹைடாக்களின் விருப்பம். அருங்காட்சியகப் பழக்கத்தில் வளர்ந்த நமக்கு மனசு பதறும். ஆனால் தூண் அவர்களுடையது, அதன் முடிவையும் அவர்கள்தானே சொல்ல வேண்டும்? கோடையில் ஹைடா காவலர்கள் இப்படிப்பட்ட பழைய கிராமங்களிலேயே தங்கி, வருகிறவர்களுக்குக் கதை சொல்கிறார்கள், இடத்தையும் பார்த்துக்கொள்கிறார்கள்.

2013-இல் லயல் தீவில் ஒரு புதிய தூண் நட்டார்கள். மறியலில் நின்றவர்களின் உருவமும் அதில் உண்டு. 2024-இல் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாண அரசு ஹைடாக்களின் நில உரிமையையே ஒப்புக்கொண்டது. அந்தச் செய்தி வந்த அன்று உன்னைத்தான் நினைத்தேன்.

ஒரு கோடையில் கிளம்பி வா. அங்கே சாலை கிடையாது. படகு அல்லது கடல் விமானம்தான். முன்கூட்டியே பதிய வேண்டும், அதனால் சீக்கிரம் பதில் போடு.

அன்புடன்,
உன் பழைய நண்பன்