ஒகேனக்கல் தண்ணியில போர் தண்ணிய கலக்காதீங்க

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்துல ஊருக்கு ஊரு தண்ணி விடுற பொறுப்புல இருக்குற அதிகாரிங்க, பஞ்சாயத்து ஆளுங்க, டேங்க் ஆப்பரேட்டர் அண்ணன்மாருங்க எல்லாருக்கும் வணக்கம்.

நேரா விஷயத்துக்கு வரேன். காவிரிலேர்ந்து குழாய்ல வர்ற ஒகேனக்கல் தண்ணியும், ஆழ்துளைக் கிணத்து போர் தண்ணியும் ஒரே டேங்க்ல ஏத்துறத நிறுத்துங்க. எங்க ஊர்ல இதான் நடக்குது, லைன்ல தண்ணி கம்மியா வந்தாலோ கரண்ட் போயி பம்பிங் நின்னாலோ உடனே போர் மோட்டார போட்டு அதே டேங்க ரொப்பிடுறாங்க. ஆப்பரேட்டர சொல்லி குத்தமில்ல, தண்ணி வரலைன்னா ஜனங்க அவரு வீட்டு முன்னாடிதான் குடத்தோட நிப்பாங்க. ஆனா அன்னிக்கு குழாய்ல வர்றது எந்த தண்ணின்னு யாருக்கும் தெரியாது, ஒகேனக்கல் தண்ணின்னு நம்பி கைக்குழந்தைக்கும் அதையே குடுக்குறோம்.

2008-ல அடிக்கல் போட்டு 2013-ல தொறந்தது இந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டம், ஜப்பான்ல கடன் வாங்கி 1,900 கோடிக்கு மேல செலவு. காவிரித் தண்ணிய எடுத்து யானைபள்ளத்துல சுத்தம் பண்ணி, மடம்ங்குற ஊருக்கு ஏத்தி அங்கேர்ந்து ரெண்டு மாவட்டத்துக்கும் பிரிச்சு விடுறீங்களே, எதுக்கு? வெறும் தண்ணி பஞ்சத்துக்கு மட்டுமா? நம்ம பக்கம் அடியில பூரா கெட்டிப் பாறை, அதுலேர்ந்து புளோரைடுங்குற உப்பு கரைஞ்சு போர் தண்ணில எறங்குது, புள்ளைங்களுக்கு புதுசா மொளைக்கிற பல்லே பழுப்பா வருது, எந்த பேஸ்ட் போட்டாலும் போகாது. வருசக்கணக்கா குடிச்சவங்களுக்கு மூட்டும் முதுகெலும்பும் இறுகிப்போயி குனிய நிமிர முடியல. அதுக்குதான் ஆத்து தண்ணி வந்துச்சு. சிலபேரு கொதிக்க வெச்சு குடிங்கன்னு சொல்றாங்க, அதுல கிருமிதான் சாகும், புளோரைடு போகாதுங்க, தண்ணி சுண்ட சுண்ட இன்னும் கூடத்தான் செய்யும்.

கொஞ்சமா கலந்தா என்னன்னு கேப்பீங்க. போர் தண்ணில புளோரைடு லிட்டருக்கு 3 மில்லிகிராம், ஆத்து தண்ணில 0.3ன்னு வெச்சுக்கோங்க, பாதிக்கு பாதி கலந்தா 1.65 வருது. இந்திய தரப்படி 1-க்குள்ளதான் இருக்கணும், வேற தண்ணிக்கு வழியே இல்லாத எடத்துலதான் 1.5 வரைக்கும் விடலாம். நமக்குதான் வழி இருக்கே! கேன் தண்ணி வாங்க முடிஞ்சவங்க வாங்கிக்கிறாங்க, கூலிக்கு போற குடும்பங்க பூரா இந்த குழாய நம்பித்தான் இருக்குது.

போர மூடுங்கன்னு சொல்லல. துவைக்க, மாட்டுக்கு, கக்கூசுக்கு எல்லாம் தண்ணி வேணும், ஆத்து தண்ணி மட்டும் அதுக்கெல்லாம் பத்தாது, கோடைல சுத்தமா பத்தாது. அதனால போர் தண்ணிக்கு தெருவுக்கு ஒரு சின்டெக்ஸ் வெச்சு தனி குழாய் போட்டு, குடிக்க கூடாதுன்னு பெருசா எழுதிடுங்க. மேல்நிலை டேங்க்ல ஒகேனக்கல் தண்ணி மட்டும் ஏறட்டும், ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தாலும் புடிச்சு வெச்சுக்குறோம். அப்புறம் மாசாமாசம் தெருக்குழாய்லயே தண்ணி புடிச்சு புளோரைடு டெஸ்ட் பண்ணி டேங்க் தூண்லயே எழுதி போடுங்க, கலர் மாறுறத வெச்சு பாக்குற கிட் இருக்குது, அது ஒண்ணும் பெரிய செலவில்ல.

எங்க ஊருலேர்ந்தே ஆரம்பிக்கலாம். சின்டெக்ஸ் வெக்க பள்ளிக்கூடத்து பக்கத்துல பொறம்போக்கு எடம் சும்மாத்தான் கெடக்குது, அடுத்த கிராம சபையில தீர்மானம் போட நாங்க ரெடி, நீங்க வந்து எடத்த பாத்து எஸ்டிமேட் போட்டு குடுங்க.