செயலாளரின் ஆண்டறிக்கை – 2024

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம். வராத உறுப்பினர்களைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பொங்கல் விழா நடந்தது. சித்திரை விழா நடந்தது. கோடைச் சுற்றுலா மழையால் பாதியில் கலைந்தது. நவராத்திரிக் கொலு வழக்கம்போல் சிறப்பு. சுண்டல் போதவில்லை என்ற புகார் பதிவாகியிருக்கிறது.

இனி, நான் பொறுப்பேற்று நடத்திய, ஆல்வின் எய்லி நடனக் குழு பற்றிய பேச்சுத் தொடர். "நியூ ஜெர்சித் தமிழ்ச் சங்கத்துக்கும் ஒரு கறுப்பின நடனக் குழுவுக்கும் என்ன சம்பந்தம்?" என்று பொதுக்குழுவில் ஒருவர் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் சிற்றுண்டி வந்துவிட்டது. பதிலை இந்த அறிக்கையில் பதிவு செய்கிறேன்.

ஆற்றைக் கடந்தால் நியூயார்க்கின் மன்ஹாட்டன். 1958 மார்ச் 30 அன்று அங்கே 92ஆம் தெரு மண்டபத்தில், டெக்சாஸில் ஏழைத் தாய்க்குப் பிறந்த ஆல்வின் எய்லி என்ற 27 வயது இளைஞர் சில கறுப்பின நடனக் கலைஞர்களோடு ஒரு மாலை நிகழ்ச்சி நடத்தினார். அந்தக் குழுதான் இன்றும் ஆடிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு டிசம்பரிலும் 55ஆம் தெருவில் உள்ள சிட்டி சென்டர் அரங்கில் வாரக்கணக்கில் ஆடுகிறது. நம்மில் பலர் இந்த ஊருக்கு வந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. பிராட்வே 'லயன் கிங்' நாடகத்தின் சிங்கத்தைப் பார்க்காதவர் இல்லை. இதைப் பார்த்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

முதல் அமர்வில் 1960இல் அரங்கேறிய 'ரெவலேஷன்ஸ்' பற்றிப் பேசினோம். அடிமைக் காலத்தில் பிறந்த பக்திப் பாடல்களுக்கு அமைத்த நடனம் அது. சிறுவயதில் எய்லி பார்த்த தேவாலயம், ஞானஸ்நானம், துக்கம் எல்லாம் அதில் இருக்கின்றன. மேடையின் குறுக்கே விரித்து அசைக்கும் நீண்ட துணிகள்தான் ஞானஸ்நானம் நடக்கும் ஆறு. கடைசிப் பகுதியில் மஞ்சள் உடை அணிந்த பெண்கள் கையில் விசிறியோடு வந்து முக்காலியில் உட்காருவார்கள். ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டின் புழுக்கத்தில் நமக்கே வியர்க்கும். அந்தப் பகுதியின் பெயர் 'மூவ், மெம்பர்ஸ், மூவ்'. நமது வருகைப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் அதை எழுதி வைத்திருக்கிறேன்.

இன்னோர் அமர்வில் எய்லி குழுவினர் பயிலும் ஹார்ட்டன் முறையைப் பார்த்தோம். லெஸ்டர் ஹார்ட்டன் லாஸ் ஏஞ்சலிஸில் எய்லிக்கு ஆசிரியராக இருந்தவர். இடுப்பிலிருந்து முன்னால் வளைந்து, முதுகை மேசைப் பலகைபோல் தட்டையாக நிறுத்த வேண்டும். நம் பரதநாட்டிய ஆசிரியை ஒருவர் அங்கேயே செய்து காட்டிவிட்டு, "அரைமண்டியைவிட இது கடினம்" என்றார். அன்று வந்திருந்தவர்களுக்கு மட்டும் கிடைத்த காட்சி அது.

1971இல் எய்லி தம் தாயின் பிறந்தநாள் பரிசாக அமைத்த 'க்ரை' பற்றி நவம்பரில் பேசுவதாக இருந்தோம். ஒரே பெண், கையில் ஒரு நீளமான வெள்ளைத் துணி. அவள் தரை துடைக்கும்போது அதுவே துடைக்கும் துணி, பிறகு அதுவே போர்வை. சுமார் பதினாறு நிமிடம் மூச்சு வாங்க விடாத ஆட்டம். அதை முதலில் ஆடிய ஜூடித் ஜாமிசன் நவம்பர் 9 அன்று தமது 81ஆம் வயதில் மறைந்தார். 1989இல் எய்லி இறந்தபின் இருபது ஆண்டுகளுக்கு மேல் குழுவைக் கட்டிக் காத்தவர் அவர். பேச்சு அஞ்சலிக் கூட்டமாக மாறியது. வந்தவர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்காரும் அளவே.

டிசம்பர் பயணத்துக்கு வருகிறேன். குழுக் கட்டணத்தில் டிக்கெட் வாங்க வேண்டும் என்றால் முன்கூட்டியே எண்ணிக்கை சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் உயர்த்தியவர்களை எண்ணித்தான் வாங்கினேன். அன்று மாலை கட்டைவிரல்கள் வந்தன, ஆட்கள் வரவில்லை. பார்க்கிங் கிடைக்காது என்றார் ஒருவர். பிள்ளைக்கு நாட்டிய வகுப்பு என்றார் இன்னொருவர். நாட்டியம் இருப்பதால் நாட்டியம் பார்க்க முடியவில்லை என்பதை என்னால் மறுக்க இயலவில்லை. போனவர்கள் 'ரெவலேஷன்ஸ்' முடிவில் அரங்கமே எழுந்து நின்றதைப் பார்த்தார்கள். மீதி இருக்கைகளில் கோட்டுகளை வைத்தோம். அந்த டிக்கெட் பணம் இன்னும் வரவேண்டியிருக்கிறது.

கணக்கைப் பொறுத்தவரை, வரவும் செலவும் ஏறத்தாழ ஒத்துப்போகின்றன. வராத சந்தாவையும் வரவில் சேர்த்தால் நன்றாகவே ஒத்துப்போகின்றன. விவரம் பொருளாளரிடம் உள்ளது. இதுவரை யாரும் கேட்டதில்லை. 1970இல் பணமில்லாமல் எய்லியே குழுவைக் கலைப்பதாக அறிவித்தார். பிறகு அமெரிக்க அரசின் ஏற்பாட்டில் சோவியத் நாட்டுக்குப் போனார்கள். லெனின்கிராடில் இருபது நிமிடத்துக்கு மேல் கைதட்டல் எழுந்தது, குழுவும் பிழைத்தது. நம்மை லெனின்கிராடுக்கு அனுப்ப யாரும் இல்லை. ஆண்டுச் சந்தா ஒரு குடும்பத்தின் ஒருவேளை ஓட்டல் செலவைவிடக் குறைவு.

மண்டபம் தந்த நூலகத்தாருக்கும், சமையல் பொறுப்பேற்ற மகளிர் அணிக்கும், ஒலிபெருக்கி கொண்டுவந்த இளைஞர்களுக்கும், எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்ட என் இல்லத்தாருக்கும் நன்றி.

நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் எய்லி பற்றிய கண்காட்சி 2025 பிப்ரவரி 9 வரை இருந்தது. அவருடைய குறிப்பேடுகளைக் கண்ணாடிக்குள் பார்க்க முடிந்தது. 2025 ஜூலையில் அலிசியா கிராஃப் மேக் குழுவின் கலை இயக்குநராகப் பொறுப்பேற்றார். அந்தக் குழுவில் ஆடியவரே அதை வழிநடத்த வந்தார். வரும் டிசம்பரிலும் போகலாம் என்பது என் விருப்பம். ஆனால் பணம் கட்டியவர்களுக்கே டிக்கெட், கட்டைவிரல் செல்லாது. செயலாளர் பொறுப்பை வேறு யாராவது ஏற்க முன்வந்தால் தொடரின் கோப்புகளோடு மகிழ்ச்சியாக ஒப்படைக்கிறேன். முன்வராவிட்டால் என்ன நடக்கும் என்பது சென்ற மூன்று பொதுக்குழுக்களில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

சாப்பாடு பின்கட்டில் தயார். அங்கே போகும் ஒரே வழியில் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்.