பகலில் பூசும் முக எண்ணெயில் வெயில் எச்சரிக்கை இல்லாதது குறித்துப் புகார்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர்,
மேற்கு மாம்பலம், சென்னை 600 033.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
முக எண்ணெய் தயாரிப்பு நிறுவனம்.

பொருள்: சிட்ரஸ் (எலுமிச்சை வகை) எசென்ஷியல் ஆயில், அதாவது செடியிலிருந்து எடுக்கும் நறுமண எண்ணெய், கலந்த முக எண்ணெயால் ஏற்பட்ட தோல் பாதிப்பும், லேபிளில் மறைக்கப்பட்ட விவரங்களும்.

ஐயா / அம்மையீர்,

"பகல் நேரப் பொலிவுக்கு" என்று அச்சிட்டு நீங்கள் விற்கும் முக எண்ணெயை என் மகளுக்காகத் தி.நகரில் வாங்கினேன். பில்லையும் பாட்டிலின் படங்களையும் இணைத்திருக்கிறேன். அப்போது கத்திரி வெயில். காலையில் கன்னத்திலும் கழுத்திலும் பூசிக்கொண்டு ஸ்கூட்டியில் கிண்டிக்குக் கல்லூரி போய் வந்தவளுக்கு, ஓரிரு நாளில் பூசிய இடமெல்லாம் சிவந்து எரிச்சல் எடுத்தது. எரிச்சல் அடங்கியதும் கரும்பட்டைகள் விழுந்தன. கழுத்தில் எண்ணெய் வழிந்த கோடு அப்படியே கறுத்துத் தெரிகிறது. துப்பட்டா மூடியிருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. அந்தக் கோட்டைப் பார்த்ததுமே தோல் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன பூசிக்கிட்டு வெயில்ல போனம்மா?" என்பதுதான். இந்தக் கருமை மறையச் சில மாதங்கள்கூட ஆகலாம் என்றார். கல்லூரிக்குப் போகும் பெண், வெயில் இறங்கும்வரை வீட்டை விட்டு வெளியே வரத் தயங்குகிறாள்.

உங்கள் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். "எங்கள் தயாரிப்பு முழுக்க இயற்கையானது. உங்கள் மகளுக்கு அலர்ஜி இருக்கலாம். பேட்ச் டெஸ்ட் செய்து பார்த்திருக்க வேண்டும்" என்று பதில் வந்தது. அதைப் படித்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். அந்தப் பதிலில் உள்ள மூன்று வாக்கியங்களையும் நான் மறுக்கிறேன்.

முதலில் அலர்ஜி. பாட்டிலின் முன்பக்கம் பெர்கமோட் என்ற எலுமிச்சை இனப் பழம், எலுமிச்சை, லாவெண்டர் பூ ஆகியவற்றின் படம் போட்டிருக்கிறீர்கள். பெர்கமோட் பழத்தோலையும் எலுமிச்சைத் தோலையும் பிழிந்தெடுக்கும் எண்ணெயில் ஃபியூரோகூமரின் என்ற வகைப் பொருட்கள் இருக்கின்றன. பெர்காப்டன் அவற்றில் ஒன்று. தோலில் இவை இருக்கும்போது வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் தோல் வெந்து கறுக்கும். இதற்கு ஒருவருக்கு ஒவ்வாமை இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அளவும் வெயிலும் போதுமானதாக இருந்தால் யாருக்கும் வரும். பெர்கமோட் கலந்த வாசனைத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டவர்களின் கழுத்தில் இதே போன்ற கோடுகள் விழுந்ததை 1916-லேயே மருத்துவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். நூறாண்டு தாண்டிய செய்தி தயாரிப்பாளரான உங்களுக்குத் தெரியாமல் இருக்க முடியாது.

பேட்ச் டெஸ்ட் பற்றி: முழங்கை மடிப்பில் ஒரு சொட்டு தடவி, வீட்டுக்குள் ஒரு நாள் வைத்துப் பார்க்கச் சொல்கிறது உங்கள் துண்டுச் சீட்டு. வெயில் படாத இடத்தில் இந்தப் பாதிப்பு தெரியவே தெரியாது. அந்தச் சோதனையைச் செய்திருந்தாலும் என் மகள் தேறியிருப்பாள். மறுநாள் வெயிலில் போய் வெந்திருப்பாள்.

இனி, இயற்கை. எங்கள் வீட்டிலும் சந்தனம் அரைக்கிறோம், பானைத் தண்ணீரில் வெட்டிவேர் போடுகிறோம். செடிகொடி மேல் எனக்குப் பகை இல்லை. ஆனால் தோலில் பட்டால் புண்ணாக்கும் சேராங்கொட்டையும் மரத்தில் காய்ப்பதுதான். சித்த மருத்துவர் யாரும் அதன் நச்சை முறிக்கும் சுத்தி முறையைச் செய்யாமல் மருந்தில் சேர்க்க மாட்டார். செடியின் வீரியத்துக்குப் பயந்து முறை வகுத்த ஊரில், செடியிலிருந்து வந்தது என்பதையே பாதுகாப்புக்கு ஆதாரமாகக் காட்டுகிறீர்கள்.

இத்தனைக்கும் வழி இருக்கிறது. ஃபியூரோகூமரின் நீக்கிய பெர்கமோட் எண்ணெய் சந்தையில் கிடைக்கிறது. எலுமிச்சை எண்ணெயைப் பிழியாமல் ஆவியில் வடித்தால் இந்தப் பொருட்கள் பெரும்பாலும் அடியிலேயே தங்கிவிடும். பிழிந்த பெர்கமோட்தான் வேண்டும் என்றால், கழுவாமல் தோலிலேயே விடும் பொருட்களில் அது 0.4 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று உலக நறுமணத் துறையே தனக்கு வரம்பு வைத்திருக்கிறது. இந்த வகை எண்ணெய்கள் இரண்டு மூன்று சேர்ந்தால் ஒவ்வொன்றின் பங்கையும் கூட்டித்தான் கணக்குப் பார்க்க வேண்டும். உங்கள் பாட்டிலில் எவ்வளவு? பின்பக்கம் "எசென்ஷியல் ஆயில் கலவை" என்று மட்டும் இருக்கிறது. எந்த எண்ணெய், பிழிந்ததா வடித்ததா, எத்தனை சதவீதம், எதுவும் இல்லை.

காஸ்மெடிக்ஸ் விதிகள் 2020-ன்படி சேர்மானங்களை லேபிளில் பட்டியலிட வேண்டும். அபாயம் உள்ள பொருளானால் பாதுகாப்பாகப் பயன்படுத்தும் முறையும் எச்சரிக்கையும் உள் லேபிளிலேயே இருக்க வேண்டும். வெயிலில் வினை செய்யும் எண்ணெயைப் பகலில் பூசச் சொல்லி, அதுவும் சென்னையில் விற்கும்போது, ஒரு வரி எச்சரிக்கைகூட இல்லாததை எப்படி நியாயப்படுத்துவீர்கள்?

லாவெண்டர் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அதிலுள்ள லினலூல் என்ற வாசனைப் பொருள் காற்றுப் பட்டுப் பழசாகும்போதுதான் அலர்ஜி உண்டாக்கும் பொருளாக மாறுகிறது. ஐரோப்பாவில் தோலில் விடும் பொருளில் அது 0.001 சதவீதத்தைத் தாண்டினாலே பெயர் போட வேண்டும். உங்கள் பாட்டிலில் அந்தப் பெயரும் இல்லை, திறந்த பின் எத்தனை மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதும் இல்லை.

பாட்டில் விலையோடு மருத்துவச் செலவையும் திருப்பித் தர வேண்டும். அந்தப் பாட்டிலின் தொகுப்பு (பேட்ச்) எண்ணுக்குரிய பெர்கமோட், எலுமிச்சை எண்ணெய் அளவுகளையும் பரிசோதனை அறிக்கையையும் எழுத்தில் தர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கடைகளில் இருக்கும் பாட்டில்களைத் திரும்பப் பெற்று, "பகல் நேர" என்ற சொல்லை எடுத்துவிட்டு, பூசிக்கொண்டு வெயிலில் போகக் கூடாது என்று தமிழிலும் அச்சிட்டு விற்க வேண்டும். பணத்தைவிட இதுதான் எனக்கு முக்கியம். எங்கள் தெருக் கடையிலேயே அந்தப் பாட்டில் இன்னும் வரிசையாக நிற்கிறது.

15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்வேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் கீழ் சென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் வழக்குத் தொடுப்பேன். மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் இக்கடிதத்தின் நகலை அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், பாட்டில் மற்றும் லேபிள் படங்கள், மருத்துவரின் சீட்டு, உங்கள் சேவைப் பிரிவின் பதில்.