பள்ளி மேலாண்மைக் குழுத் தேர்வு: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் எழுதும் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். வரும் வெள்ளிக்கிழமை மாலை 3 மணிக்கு நம் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் புதிய உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கிறோம். பழைய குழுவின் இரண்டு ஆண்டுக் காலம் முடிகிறது. இதைச் சொல்ல நான்கு வரிச் சுற்றறிக்கை போதும். ஆனால் அப்படி அனுப்பிய சுற்றறிக்கைகளில் பாதி, புத்தகப் பையின் அடியில் புளியங்கொட்டைகளோடு கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். அதனால் இந்த முறை நீளமாகவே எழுதுகிறேன். வாசிக்க நேரமில்லாத வீடுகளில் எட்டாம் வகுப்புப் பிள்ளையை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். அதற்கும் ஒரு பயிற்சி ஆயிற்று.

கோடை விடுமுறையில் அலுவலக பீரோவை ஒழித்துக்கொண்டிருந்தபோது நம் பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடு ஒன்று கைக்குக் கிடைத்தது. ஓரமெல்லாம் கரையான் தின்றிருந்தது. ஆனாலும் மேலட்டையில் ‘ஜில்லா போர்டு ஆரம்பப் பாடசாலை’ என்ற எழுத்து அழியவில்லை. ஊரில் பெரியவர்கள் இன்றைக்கும் ‘போர்டு ஸ்கூல்’ என்று சொல்வது ஏன் என்று அப்போதுதான் உறைத்தது. 1920-ஆம் ஆண்டு உள்ளாட்சி வாரியச் சட்டத்தின் காலத்தில் இத்தகைய பள்ளிகளை நடத்தியவை மாவட்ட உள்ளாட்சி அமைப்புகளான ஜில்லா போர்டுகள். 1958-ல் பஞ்சாயத்துச் சட்டம் வந்தது. ஊராட்சி ஒன்றியங்கள் உருவாகி, தொடக்கப் பள்ளிகள் அவற்றின் கைக்கு மாறின. 1981-ல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். பெயர்ப் பலகையில் மட்டும் ‘ஊராட்சி ஒன்றிய’ என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சம்பளம், பணியிடம், பாடநூல் எல்லாவற்றுக்கும் இப்போது சென்னையைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது, அதில் எனக்குக் குறை இல்லை. ஜில்லா போர்டு காலத்தைப் பொற்காலம் என்று சொல்லவும் நான் வரவில்லை. போர்டில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் நிலபுலன் உள்ளவர்களும் வக்கீல்களும்தான். நாற்று நடப் போகும் ஓர் அம்மாவை அந்தக் கூட்டத்தின் வாசற்படிக்குக்கூட யாரும் அழைத்திருக்க மாட்டார்கள்.

அந்த அம்மாவுக்கு நாற்காலி போட்டது 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம். 2010 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதற்கான தமிழ்நாட்டு விதிகள் 2011-ல் வந்தன. சட்டத்தின் 21-ஆம் பிரிவு, ஒவ்வோர் அரசுப் பள்ளிக்கும் அரசு உதவி பெறும் பள்ளிக்கும் ஒரு மேலாண்மைக் குழு வேண்டும் என்கிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம். 2022-ல் தமிழகம் முழுவதும் இந்தக் குழுக்களை மாற்றி அமைத்தபோது, தலைவராக ஒரு தாய்தான் வர வேண்டும் என்றும் வைத்தார்கள். ஆசிரியருக்கும் உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும் இடம் உண்டு, ஆனால் கொஞ்சம்தான். குழுவைக் கூட்டுவது என் வேலை. தலைமை என்னுடையது இல்லை.

இது பெற்றோர் ஆசிரியர் கழகம் இல்லையா என்று சென்ற வாரம் இரண்டு பேர் கேட்டார்கள். இல்லை. கழகம் வேறு, குழு வேறு. கழகத்துக்கு ஊர்ப் பெரியவர் ஒருவர் தலைவராக இருப்பதைப் பார்த்திருக்கிறேன், அவர் பேரப்பிள்ளை வெளியூரில் படித்தாலும். குழுவில் பெற்றோருக்கான இடம், இங்கே படிக்கும் பிள்ளையைப் பெற்றவருக்கும் வளர்ப்பவருக்கும் மட்டும்.

சட்டம் இப்படி இருக்க, நடப்பு எப்படி இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் உதவி ஆசிரியராக இருந்த ஒரு பள்ளியில் குழுக் கூட்டம் என்று ஒன்று நடந்ததே இல்லை. தீர்மானப் பதிவேட்டை ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவான். அடுப்படியில் இருக்கும் அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு, அவன் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று அவரும் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை. அந்தப் பதிவேட்டை எழுதியவர்களில் நானும் ஒருவன். ‘குழு கூடி ஒருமனதாகத் தீர்மானித்தது’ என்று அழகான கையெழுத்தில் எழுதுவேன்.

என் எண்ணம் மாறியதற்குக் காரணம் ஒரு தண்ணீர் பாட்டில்.

நம் பள்ளிக் கூட்டம் ஒன்றில், வழக்கமாகப் பின்வரிசையில் உட்காரும் ஓர் அம்மா எழுந்தார். “சார், என் மக காலையில கொண்டு போற தண்ணிய அப்படியே திருப்பிக் கொண்டாரா. கேட்டா பதில் சொல்ல மாட்டேங்கிறா” என்றார். வெயில் கொளுத்தும் மார்ச் மாதம் அது. எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. குழுவில் இருந்த இரண்டு தாய்மார்கள் மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு எழுந்து போனார்கள். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தார்கள். பெண் பிள்ளைகளின் கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை. எப்போது கழன்று விழுந்தது என்று தெரியவில்லை. பெரிய வகுப்புப் பிள்ளைகள் கழிப்பறைக்குப் போகாமல் இருப்பதற்காகத் தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறார்கள். அந்தக் கழிப்பறையை நான் வாரம் ஒருமுறை பார்வையிட்டு, ‘சுத்தமாக உள்ளது’ என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். சுத்தமாகத்தான் இருந்தது. யாரும் போகவில்லையே!

அன்று மாலையே கடைவீதியில் தாழ்ப்பாள் வாங்கினோம். மறுநாள் ஒரு மாணவியின் அப்பா, தச்சு வேலை செய்பவர், கூலி வாங்காமல் பொருத்திக் கொடுத்தார். அதற்கு எந்த அரசாணையும் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது பிள்ளையின் பாட்டிலைத் தூக்கிப் பார்த்த ஒரு கை.

குழுவின் வேலை தாழ்ப்பாளோடு நின்றுவிடுவதில்லை. பள்ளிக்கு வரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்க்கும் உரிமை சட்டப்படி உங்களுக்கு இருக்கிறது. மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து நிதி தரும் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவின் அளவீட்டின்படி 101 முதல் 250 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் பள்ளி மானியம். நம்மிடம் 118 பிள்ளைகள் இருப்பதால் நமக்கும் அதே தொகைதான். அதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கைத் தூய்மைப் பணிக்குச் செலவிட வேண்டும். 2024-25-ல் மத்திய அரசிடமிருந்து தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய இந்தத் திட்ட நிதி நின்றுபோனதும், அதையொட்டி நடந்த வழக்கும் வாதமும் நீங்கள் செய்தியில் கேட்டவைதான். அந்த அரசியல் இந்தக் கடிதத்துக்கு வேண்டாம். வரும் பணம் எவ்வளவு, எந்த ரசீதுக்கு எவ்வளவு போனது என்று என்னிடம் கேளுங்கள். ரசீதுக் கோப்பை மேசைமேல் திறந்தே வைத்திருப்பேன். கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று யோசிக்காதீர்கள். முதல் தடவை கொஞ்சம் சுருக்கென்றுதான் இருக்கும், பிறகு பழகிவிடும்.

22-ஆம் பிரிவு சொல்லும் பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பதும் குழுதான். கூட்டத்தில் எடுக்கும் தீர்மானங்கள் பெற்றோருக்கான கைபேசிச் செயலியில் பதிவாகி மேலே போகின்றன. சுற்றுச்சுவர் வேண்டும் என்று நான் தனியாக எழுதும் கடிதத்தைவிட, இருபது பேர் கூடி நிறைவேற்றிய தீர்மானத்துக்கு எடை கூடுதல். ஆசிரியர் பற்றாக்குறையிலும் குழுவின் பக்கம் கை நீட்டியிருக்கிறார்கள்: 2022-ல் மாநிலம் முழுவதும் 13,331 காலியிடங்களில் தற்காலிக ஆசிரியர்களை நியமிக்கும் பொறுப்பைப் பள்ளி மேலாண்மைக் குழுக்களிடமே விட்டார்கள். அது சரியான வழியா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஆசிரியரைத் தருவது அரசின் கடமை, ஊர் அம்மாக்களின் தலைச்சுமை இல்லை.

உங்களால் முடியாதவற்றையும் சொல்கிறேன், பிறகு ஏமாற்றம் வேண்டாம். குழு ஓர் ஆசிரியரை மாற்ற முடியாது. பாடத்திட்டத்தைத் திருத்த முடியாது. என் பிள்ளைக்கு மதிப்பெண் போடுங்கள் என்று தீர்மானம் போட முடியாது.

பெண் உறுப்பினர்களின் வீட்டு ஆண்களுக்கு ஒரு வார்த்தை. மனைவி தலைவரானால் கூட்டத்துக்குக் கணவர் வந்து உட்காரும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. நம் பள்ளியில் அதற்கு இடமில்லை. கொண்டுவந்து விடலாம், வேப்பமரத்தடியில் காத்திருக்கலாம், டீ கொடுப்போம். “எனக்குப் படிப்பில்லையே” என்று ஒதுங்கும் அம்மாக்களுக்கும் சொல்கிறேன்: காலை உணவு உப்புமாவில் உப்பு சரியாக இருக்கிறதா, பிள்ளை ஏன் திங்கட்கிழமை மட்டும் அழுகிறது, இவற்றைச் சொல்லப் பட்டம் தேவையில்லை. தீர்மானத்தை வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்தோ கைரேகையோ வாங்குவேன்.

நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் அன்று சற்று முன்பே கிளம்பப் பணித்தளப் பொறுப்பாளரிடம் பேசியிருக்கிறேன், சரி என்றிருக்கிறார். கைக்குழந்தையோடு வருபவர்களுக்காக ஒன்றாம் வகுப்பறையில் பாய் விரித்திருக்கும். சத்துணவு அம்மா சுண்டல் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். குழுவில் சேர விருப்பம் உள்ளவர்கள் தங்கள் பெயரையும் பிள்ளையின் வகுப்பையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வியாழக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்பலாம். அன்று நேரில் எழுந்து சொன்னாலும் ஏற்றுக்கொள்வோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்,
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி

பி.கு.: வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டதும் பேனாவைத் திருப்பி வைத்துவிடுங்கள். போன கூட்டத்தில் நான்கு பேனா போய்விட்டது. ஒன்று என் சொந்தப் பேனா.