வேனில் இருக்கும் அந்தச் சின்ன ஓட்டை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்கால வாகனப் பராமரிப்பு பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த அரைப் பக்கத்தைத் தலவாக்கலையில் ஒரு தேத்தண்ணிக் கடையில் வைத்து வாசித்தேன். டயர், பிரேக், வைப்பர், மூடுபனிக்கு லைட் எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தீர்கள். இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு போகாமல் கியரைக் குறைத்து இறங்குங்கள் என்று சொன்னதை வெட்டி எடுத்து ஸ்டாண்டில் ஒட்டியும் விட்டோம். ஆனால் கியர் லீவருக்குக் கிட்ட இருக்கிற அந்தச் சின்ன ஓட்டையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. லைட்டர் ஓட்டை என்று நாங்கள் சொல்வோம். இப்போது அதில் சிகரட் பற்ற வைப்பவர் யாரும் இல்லை, எல்லோரும் போன்தான் குத்துகிறார்கள்.

நான் காலையிலும் பகலிலும் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவன். சனி, ஞாயிறில் ஹயர் போவேன். வண்டி பழைய டொல்பின் வேன். சொல்லப்போவது என் வேனில் நடந்தது, அதில் என் பிழையும் இருக்கிறது.

சிவனொளிபாத மலை சீசனில் வட்டகொடைப் பக்கத்து ஆட்களை நல்லதண்ணிக்குக் கூட்டிப் போனேன். ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா என்று வழக்கமான பாதை. இரவு பத்து மணிக்கெல்லாம் இளம் பிள்ளைகள் மலையேறப் போய்விட்டார்கள். கைக்குழந்தையோடு ஒரு தங்கச்சியும் அவருடைய மாமியாரும் வேனிலேயே தங்கினார்கள். ஓட்டையில் ஏற்கெனவே மூன்று வாய் உள்ள ஒரு குத்தி (பிளக்), அதில் மூன்று போன். நான் முன் சீற்றில் கண்ணயரப் போகும்போது அந்தத் தங்கச்சி ஒரு சின்னக் கேத்தலை எடுத்து, "அண்ணே, இத குத்திக்கிறவா? புள்ளைக்கு பால் கரைக்கணும்" என்றார். வாகனத்தில் பாவிக்கிற கேத்தல் என்று கொழும்பில் நடைபாதையில் வாங்கியதாம். குளிரில் குழந்தைப் பாலுக்கு யார் வேண்டாம் என்பது? ஒரு போனைக் கழற்றிவிட்டுக் குத்துங்கள் என்றேன்.

பத்து நிமிடம் இருக்கும், பிளாஸ்டிக் கருகுகிற வாசம். சாவியை ஓஃப் பண்ணிவிட்டுக் குத்தியை இழுத்தால் வரவில்லை, உருகி ஓட்டையோடு ஒட்டிப்போயிருந்தது. டாஷ்போர்டுக்குக் கீழே கையை விட்டேன். வயர் சுட்டது. அந்த நேரத்திலேயே பெட்டரியின் மைனஸ் பக்கத்தைக் கழற்றிவிட்டு, குழந்தைக்குப் பக்கத்துக் கடையில் சுடுதண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். விடியும்வரை தூக்கமே வரவில்லை.

அடுத்த நாள் ஹட்டனில் வயரிங் பாஸ் (வாகன வயர் வேலை செய்கிறவர்) ஒருவர் பியூஸ் பெட்டியைத் திறந்தார். மூடியின் உட்பக்கத்தில் லைட்டருக்கு நேரே 15 என்று அச்சடித்திருக்கிறது. 15 ஆம்பியர் என்று அர்த்தம், அதாவது நீல நிறப் பியூஸ். என் வேனில் அந்த இடத்தில் இருந்தது பச்சை, அதாவது 30. எனக்கு உடனே ஞாபகம் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் அந்தப் பியூஸ் அடிக்கடி போகிறது என்று ஒரு கராஜில் காட்டினேன். "பெருசா ஒன்னு போட்டுட்டேன், இனிப் போவாது" என்றார்கள். நானும் சந்தோஷமாகச் சல்லி கொடுத்துவிட்டு வந்தேன். ஏன் போகிறது என்று அவர்களும் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பியூஸ் இருப்பது போனைக் காப்பாற்ற என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். இல்லையாம், வயரைக் காப்பாற்றத்தானாம். ஓட்டைக்குப் போகிற வயர் மெல்லியது. அது தாங்கும் அளவைப் பார்த்துத்தான் கம்பனிக்காரன் 15 என்று போட்டிருக்கிறான். அதற்கு மேல் கரண்ட் இழுத்தால் வயர் சூடாகுமுன் பியூஸ் அறுந்துவிட வேண்டும். 30 போட்டால் பியூஸ் அறாமல் நிற்கும், வயர் எரியும். அந்தக் கேத்தலின் அடியில் 200 வொட் என்று இருந்தது. வேன் பெட்டரி 12 வோல்ட், 200ஐ 12ஆல் பிரித்தால் ஏறக்குறைய 17 ஆம்பியர். போன்களையும் சேர்த்தால் இன்னும் கூட. நீலப் பியூஸ் இருந்து அறுந்திருந்தால் பாலுக்குத் தண்ணீர் கொதிக்காமல் போயிருக்கும், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் பாஸ் விளக்கினார். அந்த ஓட்டை முதலில் செய்யப்பட்டதே சிகரட் லைட்டரின் சுருள் கம்பியைச் சில விநாடிகள் சிவக்க வைக்கத்தான். நடுவில் ஒரு ஸ்பிரிங் முனை பிளஸ், சுற்றியுள்ள குழாய் மைனஸ். பழைய வண்டியில் ஸ்பிரிங் தளர்ந்து குத்தி ஆடும். ஆடுகிற இடத்தில்தான் சூடு பிறக்கும். நம்முடைய ரோட்டில் ஆடாத பொருள் எது?

வீட்டில் கணக்குப் பார்த்தேன். அரை லீட்டர் குளிர்ந்த தண்ணீரை 200 வொட்டில் கொதிக்க வைக்க, சூடு வீணே போகாவிட்டாலும் கால் மணி நேரம் வேண்டும். கடையில் விற்கிற 120 வொட் கேத்தல் என்றால் 25 நிமிடம். வீட்டிலிருந்து கிளம்பும்போது சுடுதண்ணிப் போத்தலை நிரப்பிக்கொள்ள ஐந்து நிமிடம். இப்போது ஹயர் பேசும்போதே அதைச் சொல்லிவிடுகிறேன். போன் என்றால் பயமில்லை. சாதாரண சார்ஜர் 10 வொட்டுக்குப் பக்கம், வேகமாக ஏற்றுவது 20, 30 வொட். ஆனால் சார்ஜர் நல்லதாக இருக்க வேண்டும். அரை மணி நேரம் போட்டுவிட்டுக் கழற்றி முனையைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, பிடிக்க முடியாமல் சுட்டால் வீசிவிடுங்கள்.

பெட்டரிக் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற இன்வேர்ட்டர் பற்றியும் சொல்ல வேண்டும். கதிர்காமம் போன ஒரு பயணத்தில் ரைஸ் குக்கரோடு வந்து இன்வேர்ட்டரும் இருக்கிறது என்றார்கள். கண்ணால் பார்த்தது, பொய்யில்லை. 700 வொட் குக்கருக்கு அந்த ஓட்டையிலிருந்து 60 ஆம்பியர் அளவு இழுக்க வேண்டும். லெப்டொப் சார்ஜ் பண்ணுகிற சின்ன இன்வேர்ட்டர் சரி. அதற்கு மேல் தேவையென்றால் பெட்டரியிலிருந்தே தடித்த வயர் இழுத்து, பெட்டரிக்குக் கிட்டவே அதற்கென்று தனிப் பியூஸ் போட்டு, வேலை தெரிந்தவரைக் கொண்டு செய்விக்க வேண்டும்.

மரக்கறி லொறித் தம்பிமாருக்கும் ஒரு வார்த்தை. நுவரெலியாவிலிருந்து தம்புள்ளைக்கு ஓடுகிற லொறிகளில் பல 24 வோல்ட். எங்கள் வேன், கார் எல்லாம் 12. ஓட்டை பார்வைக்கு ஒன்றுதான். 12 வோல்ட்டுக்கு மட்டும் செய்த சார்ஜரை லொறியில் குத்தினால் அதுவும் போகும், சில வேளை போனையும் கூட்டிக்கொண்டு போகும். 12-24 என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பிள்ளைகள் ஏறுகிற வேன் என்றால் ஓட்டைக்கு மூடி போடுங்கள். சொக்லட் சுற்றிய வெள்ளித்தாளை உருட்டி அதற்குள் போட்டுப் பார்த்தான் எங்கள் வேனில் இரண்டாம் ஆண்டுப் பையன் ஒருவன். பியூஸ் போனது, அதோடு ரேடியோவும் நின்றது. இரண்டுக்கும் ஒரே பியூஸ் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. இப்போது அது நீலம் என்பதால் போனது பியூஸ் மட்டும். சிகரட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றிப் பியூஸை "சரிக்கட்டுகிற" பழக்கம் எங்கள் ஸ்டாண்டிலேயே சிலரிடம் இருக்கிறது. அவர்கள் இதை வாசித்து என்னோடு கோபித்தாலும் பரவாயில்லை.

பெட்டரிக்கு வருகிறேன். 2022இல் டீசல் வரிசையில் இரவு பகலாகக் கிடந்தோமே, அப்போது கற்றது இது. எஞ்சினை நிறுத்திவிட்டு ரேடியோ, போன், சின்ன பேன் என்று எல்லாவற்றையும் ஓட்டையில் கொடுத்தேன். பெற்றோல் ஷெட்டில் டீசல் வந்து வரிசை நகர்ந்தபோது வேன் ஸ்டார்ட் ஆகவில்லை. பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள், தள்ளிக்கொண்டே திட்டினார்கள். சில வாகனங்களில் சாவியை எடுத்ததும் ஓட்டையில் கரண்ட் நின்றுவிடும், சிலவற்றில் நிற்காது. உங்களுடையது எது என்று இன்றே ஒரு சார்ஜரைக் குத்திச் சாவியை எடுத்துப் பாருங்கள். நிற்காதென்றால் இரவில் எதையும் விட்டுவிட்டுப் போகக்கூடாது. 5 ஆம்பியர் இழுக்கிற குளிர்பெட்டி, 50 ஆம்பியர்-மணி (Ah) பெட்டரியைப் பத்து மணி நேரத்தில் வெறுமையாக்கிவிடும். அதற்கு வெகு முன்பே வேன் ஸ்டார்ட் ஆகாது. நுவரெலியாப் பக்கம் மார்கழி, தை விடியற்காலையில் பெட்டரிக்கே பலம் குறைந்திருக்கும், டீசல் எஞ்சினுக்கோ அந்த நேரத்தில்தான் அதிகம் வேண்டும்.

பெட்டரி முனையில் வெள்ளையாக, பச்சையாகப் பூத்திருந்தால் அப்பச்சோடா கரைத்த சுடுதண்ணீரை ஊற்றிப் பழைய பல் பிரஷால் தேய்த்து, துடைத்து, கிரீஸ் பூசுங்கள். கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது மைனஸ் கடைசி. மாற்றிச் செய்தால் ஸ்பேனர் வண்டியின் தகட்டில் பட்டு நெருப்புப் பொறி பறக்கும். பெட்டரியைப் பிடித்திருக்கிற கம்பியும் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். வளைவுக்கு வளைவு அது நகர்ந்தால் முனை தளர்ந்துவிடும்.

சரி, எஞ்சினைப் போட்டுக்கொண்டே சார்ஜ் பண்ணலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். வெளியில் நிறுத்தியிருந்தால் பண்ணலாம். தகர ஷெட்டுக்குள் வைத்துப் பண்ண வேண்டாம். நல்லதண்ணியில் குளிருக்குக் கண்ணாடியெல்லாம் ஏற்றி, எஞ்சினை ஓடவிட்டுத் தூங்குகிற சாரதிகளைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்கும். அந்தப் புகையில் இருக்கிற கார்பன் மொனொக்சைட்டுக்கு வாசமே கிடையாது, தூங்குகிறவன் எழும்பமாட்டான். கம்பளி ஒன்று கொண்டு போங்கள்.

வருடத்துக்கு ஒரு தடவை வருமானப் பத்திரத்துக்காகப் புகைப் பரிசோதனைக்குப் போகிறோம். அங்கே புகையைத்தான் பார்க்கிறார்கள், வயரை அல்ல. சேர்விஸுக்கு விட்டால் ஒயில், பில்டர், கிரீஸ், கழுவல். பியூஸ் பெட்டியை யாரும் திறப்பதில்லை. அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த தடவை இப்படி ஒரு பக்கம் போடும்போது பியூஸ் நிறங்களை ஒரு சின்னப் படமாகப் போடுங்கள். 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. எழுத்துக் கூட்டி வாசிக்கச் சிரமப்படுகிற சாரதிக்கும் நிறம் தெரியும். பெட்டி மூடியில் இருக்கிற எண்ணும் உள்ளே இருக்கிற நிறமும் ஒத்துப்போகிறதா என்று அவரே பார்த்துக்கொள்வார்.

நான் இப்போது பழைய மருந்து டப்பா ஒன்றில் இரண்டு சிவப்பும் நாலு நீலமும் ஒரு மஞ்சளும் போட்டு வைத்திருக்கிறேன். தலவாக்கலை ஸ்டாண்டில் யார் வந்து நீலம் கேட்டாலும் சல்லி வாங்காமல் கொடுப்பேன். லைட்டர் ஓட்டைக்குப் பச்சை கேட்டு வந்தால் உட்கார வைத்துத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, நல்லதண்ணிக் கதையை முதலிலிருந்து சொல்லுவேன்.

இப்படிக்கு,
ஒரு பாடசாலை வேன் சாரதி,
தலவாக்கலை.