ஹாம்லெட் கோழையா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஷேக்ஸ்பியரின் நாடக நாயகன் ஹாம்லெட்டைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நடை நன்றாகவே இருந்தது. ஆனால் தந்தையைக் கொன்று மன்னனான சித்தப்பா கிளாடியஸைப் பழிவாங்கத் தயங்கும் அந்த டென்மார்க் இளவரசனைக் கை நடுங்கும் கோழை என்று ஒரே போடாகப் போட்டிருப்பதைத்தான் ஏற்க முடியவில்லை. தாங்க முடியாத சுமை ஏறிய மென்மனத்தான் அவன் என்று ஜெர்மானியக் கவிஞர் கதே 1795 வாக்கிலேயே எழுதிவிட்டார். அதையே ஆளுக்கு ஆள் இன்னும் கொஞ்சம் காரம் சேர்த்துச் சொல்லி வருகிறோம்.

நாடகத்தை நிதானமாகப் புரட்டினால் வேறோர் ஆள் தெரிகிறான். தாயின் அறையில் திரைச்சீலைக்குப் பின்னால் குரல் கேட்டதும், யார் என்று பார்க்காமலேயே வாளைச் செருகுகிறான். அங்கே ஒளிந்திருந்த அமைச்சர் பொலோனியஸ் செத்து விழுகிறார். கடற்கொள்ளையரின் கப்பல் நெருங்கியதும் அதில் தாவி ஏறுகிறான். தன்னைக் கொல்லும்படி மன்னன் அனுப்பிய கடிதத்தை இரவில் திருடிப் படித்து, அதைக் கொண்டுசென்ற தன் இளவயதுத் தோழர்கள் இருவரையும் கொல்லும்படி மாற்றி எழுதி முத்திரையும் வைக்கிறான். மனசாட்சி உறுத்தவில்லை என்று பிறகு சொல்லவும் செய்கிறான். இவனா கோழை?

அவனைத் தடுப்பது அவநம்பிக்கை. அதற்கு முகாந்திரமும் இருக்கிறது. என்னைக் கொன்றவன் கிளாடியஸ்தான் என்று தந்தையின் உருவில் வந்து சொன்ன ஓர் ஆவியின் பேச்சை நம்பி அரசனைக் கொன்றுவிட முடியுமா? ஹாம்லெட் படித்தது ஜெர்மனியின் விட்டன்பர்க்கில், கத்தோலிக்கத் திருச்சபையை எதிர்த்த மார்ட்டின் லூதர் பாடம் நடத்திய பல்கலைக்கழகத்தில். அந்த ஆவி சொல்வதுபோல இறந்தவர்கள் நெருப்பில் வெந்து பாவம் தீர்க்கிறார்கள் என்பதை லூதரின் வழி வந்தவர்கள் ஏற்பதில்லை. அப்பாவின் உருவில் வந்தது பிசாசாக இருக்குமோ என்று அங்கே படித்தவன் தயங்குவதைப் பயந்தாங்கொள்ளித்தனம் என்பது அநியாயம். போதாததற்கு எல்சினோர் அரண்மனை முழுக்க வேவுக்காரர்கள். பொலோனியஸ் பாரிசில் இருக்கும் தன் மகனையே உளவு பார்க்க ஆள் அனுப்புகிறார். ஹாம்லெட் காதலித்த தன் மகள் ஒஃபீலியாவை அவன் எதிரே நிறுத்திவிட்டு மன்னனோடு ஒளிந்து நின்று ஒட்டுக்கேட்கிறார். உன் அப்பா எங்கே என்று ஹாம்லெட் கேட்கிறான். வீட்டில் இருக்கிறார் என்கிறாள் அவள்.

பலவீனமே இல்லை என்று வாதாட வரவில்லை. கிளாடியஸை மணந்துகொண்ட தாயின் மீது ஊறிய கசப்பையெல்லாம் ஒஃபீலியாவின் தலையில் கொட்டுகிறானே, அது பலவீனம். அதைவிடப் பெரியது பிரார்த்தனைக் காட்சியில் இருக்கிறது. கிளாடியஸ் தனியாக மண்டியிட்டிருக்கிறான். இப்போது கொன்றால் நேரே சொர்க்கம் போய்விடுவான் என்று கணக்குப் போட்டு ஹாம்லெட் வாளை உறையில் போடுகிறான். அவன் போனபின் எழும் கிளாடியஸ், சொற்கள் மேலே போயின, நினைப்பு கீழேயே கிடக்கிறது என்று ஒப்புக்கொள்கிறான். எல்லோரையும் சந்தேகித்தவன் அந்தப் பொய்யான பிரார்த்தனையை மட்டும் நம்பித் தொலைத்தான்!

சந்தேகமே இல்லாமல் பழிவாங்கப் புறப்பட்டவனையும் ஷேக்ஸ்பியர் பக்கத்திலேயே வைத்திருக்கிறார். தந்தை பொலோனியஸ் இறந்தது தெரிந்ததும் லேயர்டஸ் கூட்டத்தோடு அரண்மனைக் கதவை உடைத்துக்கொண்டு வருகிறான். சற்று நேரத்தில் கிளாடியஸின் கைப்பாவை ஆகிவிடுகிறான். கட்டுரையில் இவன் பெயரே இல்லை.

லேயர்டஸோடு ஹாம்லெட் மோதும் கடைசி வாட்போட்டிக்கும் கட்டுரையில் ஒரே ஒரு வரிதான். ஹாம்லெட் கள்ளமில்லாதவன், வாளைச் சோதித்துப் பார்க்கமாட்டான் என்று கிளாடியஸ் முன்கூட்டியே லேயர்டஸிடம் சொல்லிவைக்கிறான்; விஷம் தடவிய வாளால் அவனைக் கொல்லும் சதியே அந்த நம்பிக்கையில்தான் நிற்கிறது. களத்தில் லேயர்டஸ் ஒரு வாளை எடுத்து, கனமாக இருக்கிறது என்று வைத்துவிட்டு, விஷம் தடவிய வேறொன்றை எடுக்கிறான். எல்லாம் ஒரே நீளம்தானே என்று மட்டும் ஹாம்லெட் கேட்கிறான். ஆமாம் என்கிறார்கள். அதோடு விட்டுவிடுகிறான். கோழை என்று எழுதும் கட்டுரையாளர் இந்த இடத்துக்கு என்ன விளக்கம் தருவார் என்று அறிய ஆவல்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்