செயலாளர் ஆண்டறிக்கை: 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

சந்தா, வரவு செலவு விவரங்களைப் பொருளாளர் தம் அறிக்கையில் வாசிப்பார். இவ்வாண்டு நம் முன்னாள் படைவீரர் சங்கத்தின் உழைப்பில் பெரும்பகுதி, 1999 கார்கில் போரில் வீழ்ந்த மேஜர் மாரியப்பன் சரவணனின் 25ஆம் ஆண்டு நினைவுக்கே சென்றதால், இவ்வறிக்கையும் அதைப் பற்றியே அமைகிறது.

திருச்சியில் அவர் பெயரைக் கேள்விப்படாதவர் குறைவு. கன்டோன்மென்ட் பகுதியில் உள்ள அவருடைய நினைவுத் தூணை வழி சொல்லும் அடையாளமாகப் பயன்படுத்துவோர் பலர். அவர் எந்தப் படைப்பிரிவைச் சேர்ந்தவர், எங்கே, எப்படி இறந்தார் என்று கேட்டால் சொல்லக் கூடியவர்கள் சிலரே. எனவே நினைவு நாளில் நீண்ட உரைகளைத் தவிர்த்து, நடந்ததை நடந்தபடி ஒரு தாளில் எழுதி வாசிப்பதென்று ஏப்ரல் மாதச் செயற்குழுவில் முடிவு செய்தோம்.

அந்தத் தாளில் இருந்ததன் சாரம் இது. 1972 ஆகஸ்ட் 10 அன்று பிறந்த சரவணன், ராணுவ அதிகாரி ஒருவரின் மகன். சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி மையத்தில் பயின்று, பீகார் ரெஜிமெண்டின் முதலாம் பட்டாலியனில் அதிகாரியானார். 1999 மே மாதம் கார்கிலில் ஊடுருவல் தெரிய வந்தபோது அவருடைய பட்டாலியன் படாலிக் பகுதியில், ஜூபர் மலைமுகட்டை மீட்கும் பணியில் இறக்கப்பட்டது. எதிரியின் பலமும் அவன் அமைத்திருந்த அரண்களும் சரிவரத் தெரியாத தொடக்க நாட்கள் அவை. மே 29 விடியலில், 14,000 அடிக்கும் மேற்பட்ட உயரத்தில், பீரங்கிக் குண்டுகளுக்கும் துப்பாக்கிச் சூட்டுக்கும் இடையே அவர் தம் வீரர்களுக்கு முன்னால் ஏறிச் சென்றார். ராக்கெட் லாஞ்சரால் எதிரியின் நிலையைத் தாக்கி இருவரை வீழ்த்தினார். குண்டுச் சிதறல்களால் காயம்பட்ட பிறகும் பின்வாங்காமல் போரிட்டுத் தலையில் குண்டு பாய்ந்து வீழ்ந்தார். அப்போது அவருக்கு வயது 26. உடல் கிடந்த இடம் எதிரியின் குறிக்குள் இருந்ததால் ஒரு மாதத்துக்கும் மேலாக அதை மீட்க முடியவில்லை. ஜூலையில்தான் ஊருக்கு வந்து சேர்ந்தது. அந்த நாட்களில் இங்கே இருந்த மூத்த உறுப்பினர்களுக்கு அந்தக் காத்திருப்பைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

சென்ற ஆண்டு மே 29 புதன்கிழமை. அக்கினி நட்சத்திரம் முடிந்த மறுநாள். வெயிலுக்கு அஞ்சிக் காலையிலேயே தூணருகே கூடி, மலர்வளையம் வைத்து, இரண்டு நிமிடம் மௌனம் காத்தோம். நாடாளுமன்றத் தேர்தலின் வாக்கு எண்ணிக்கை ஜூன் 4 அன்று நடைபெறவிருந்ததால் நடத்தை விதிகள் அமலில் இருந்தன. அரசியல் பிரமுகர் எவரையும் அழைக்கவில்லை. அதனால் நிகழ்ச்சி குறித்த நேரத்தில் தொடங்கிக் குறித்த நேரத்தில் முடிந்தது என்பதையும் பதிவு செய்கிறேன்.

அன்று நேர்ந்த ஒரு பிழையையும் பதிவு செய்ய வேண்டும். நம் பதாகையில் அவருக்கு, போர்க்கள வீரத்துக்கான மிக உயர்ந்த விருதான ‘பரம்வீர் சக்ரா’ வழங்கப்பட்டதாக அச்சாகியிருந்தது. அவருக்கு மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது வீர் சக்ரா. கார்கில் போருக்காகப் பரம்வீர் சக்ரா பெற்றவர்கள் நால்வர். அவர்களுள் ஒருவரான கேப்டன் மனோஜ் குமார் பாண்டே இதே படாலிக் பகுதியில்தான் வீழ்ந்தார். பதாகைக்கான வாசகத்தை எழுதிக் கொடுத்தவன் நான். குற்றம் அச்சகத்தாருடையது அன்று. பெரிய விருதைச் சொல்வதால் அவருக்குப் பெருமை கூடாது என்று ஓர் உறுப்பினர் அங்கேயே என்னிடம் கூறினார். அவர் சொன்னது சரி. பதாகையை உடனே இறக்கிவிட்டோம்.

நினைவு நாள் கோடை விடுமுறையில் வருவதால் பள்ளிப் பிள்ளைகள் வருவதில்லை என்பது நம் பழைய குறை. இம்முறை அதற்கு ஒரு வழி கண்டோம். கார்கில் வெற்றி நாளான ஜூலை 26 வெள்ளிக்கிழமையாக அமைந்ததால், அன்று இரண்டு பள்ளிகளுக்கு நம் உறுப்பினர்கள் சென்று அதே தாளை வாசித்தார்கள். 14,000 அடி என்றால் பிள்ளைகளுக்கு விளங்கவில்லை. நம் மலைக்கோட்டைப் பாறை 83 மீட்டர் உயரம். அதை ஐம்பது முறைக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வரும் உயரம் என்று ஒரு சுபேதார் விளக்கியபோது வகுப்பு அமைதியானது. அங்கே மூச்சு விடவே சிரமம், முதுகிலோ சுமை, மேலிருந்து சுடுகிறவனுக்கு ஏறி வருகிறவன் தெளிவாகத் தெரிவான் என்பதையும் அவர் சொன்னார். மேடை உரைகளை விட இந்த ஒரு வகுப்பு பயன்பட்டது என்பது என் கருத்து.

அந்த வகுப்பில் ஒரு மாணவி, “அவர் கூடப் போனவங்க யாரு சார்?” என்று கேட்டாள். நம் தாளில் அதற்குப் பதில் இல்லை. அதே மே 29 அன்று, அதே பட்டாலியனில் நாயக் பதவியில் இருந்த கணேஷ் பிரசாத் யாதவும் உயிர் துறந்தார். அவருக்கும் மறைவுக்குப் பின் வீர் சக்ரா வழங்கப்பட்டது. பீகாரைச் சேர்ந்த அவருடைய பெயரையும் இனி நாம் வாசிக்க வேண்டும் என்று ஆகஸ்ட் செயற்குழுவில் முன்மொழிந்தேன். இது நம் ஊர்ப் பிள்ளைக்கான நாள், பட்டியல் நீளக் கூடாது என்று சிலர் கருதினர். வேற்று மொழி பேசும் வீரர்களை முன்னின்று நடத்திச் சென்ற ஓர் அதிகாரியை, அந்த வீரர்களை விட்டுவிட்டு நினைவுகூர்வது படையில் பணியாற்றிய நமக்குப் பொருந்தாது என்று நான் வாதிட்டேன். நீண்ட விவாதத்துக்குப் பின் தீர்மானம் நிறைவேறியது.

டிசம்பர் 7 கொடி நாள் வசூல் வழக்கம்போல் நடந்தது.

வரும் மே 29 அன்று வாசிப்பதற்கான திருத்திய தாள் முன் மேசையில் வைக்கப்பட்டுள்ளது. பெயர்களின் எழுத்தையும் பதவிகளையும் விருதின் பெயரையும் உறுப்பினர்கள் இக்கூட்டம் முடிவதற்குள் ஒருமுறை சரிபார்த்துக் கையொப்பமிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்